அறுபத்துமூணு பரவால்ல

ஜவுளி இல்லக்கா, தீசிஸ். பை மட்டும்தான் ஜவுளிக்கடைப் பை. உள்ள இருக்கிறது அஞ்சு புத்தகம். அஞ்சும் ஒரே புத்தகம், நான் எழுதினது. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள யுனிவர்சிட்டியில சேக்கணும், கடைசி நாளு. மடியில வச்சிக்கிடுதேன், உங்களுக்கு இடிக்குதா? பஸ்ஸுல கீழ வைக்க மனசு வரல பாத்துக்கோங்க. ஆறு வருசமும் அதுக்கு மேல ரெண்டு நீட்டிப்பும் இதுக்குள்ளதான் இருக்கு.

எந்தக் கடைன்னு மட்டும் கேக்காதீங்க. ஆராய்ச்சி பண்ணின எடத்தோட பேர வெளிய விட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். என்னது? பையிலயே பேரு போட்டிருக்கா? ஐயோ, ஆமா. இருங்க, திருப்பி வச்சிக்கிடுதேன். இந்தப் பக்கமும் போட்டிருக்கான். சரி விடுங்க, நீங்க பாக்காத மாதிரி இருந்துக்கோங்க.

எம் பேரு ஜெபக்கனி. தென்காசிப் பக்கம் ஒரு காலேஜ்ல காமர்ஸ் டீச்சரா இருக்கேன், பதினெட்டு வருசமா. எனக்குப் புள்ளிவிவரம்னா உசுரு. சராசரி, சதவீதம், பட்டை பட்டையா படம் போடுறது, இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவேன். ஜவுளிக்கடையில வேலை பாக்கிற பொம்பளைங்களுக்கு வேலையில திருப்தி இருக்கா இல்லையா, இதுதான் என் தலைப்பு. ஐநூறு பேர்ட்ட கேள்வித்தாள் குடுத்து டிக் அடிக்கச் சொன்னா முடிஞ்சிச்சு. அப்படித்தான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள எனக்கு இருந்த கைடு ரிட்டயர்டு ஆகிப் போயிட்டாரு. புதுசா வந்து வாச்சவரு ஆவுடையப்பன் சார். தங்கமான மனுசன், ஆனா பேச மாட்டாரு. நாம பத்து நிமிசம் பேசினா அவரு ஒரு வார்த்தை பேசுவாரு, அந்த ஒரு வார்த்தை நம்மள பத்து நாளு தூங்க விடாது.

என் கேள்வித்தாளப் பாத்துட்டு, “இதுல அவங்க எங்கம்மா பேசியிருக்காங்க? டிக்தான அடிச்சிருக்காங்க?”ன்னாரு. ஐநூறு பேரு வேண்டாம், பதினாலு பேரு போதும், ஆனா உக்கார வச்சுப் பேசுங்க, பேசினதப் பதிவு பண்ணுங்க, ஒரு சொல்லு விடாம எழுதுங்க, அப்புறம் அதக் கோடு பண்ணுங்கன்னுட்டாரு.

கோடுன்னா என்னன்னு நெனச்சீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். வீட்டுல போயி, “இனிமே கோடு போடுறதுதான் வேலை”ன்னு சொன்னேன், எங்க வீட்டுக்காரர் ஸ்கேல எடுத்துட்டு வந்து குடுக்காரு. அந்தக் கோடு இல்லக்கா. ஒருத்தர் பேசினத வரி வரியா படிச்சு, இந்த வரி எதப் பத்தினதுன்னு பக்கத்துல ஒரு சின்னப் பேரு எழுதணும். வலின்னா வலி. பயம்னா பயம். அப்படிப் பேரு வச்ச வரியெல்லாம் சேத்து அடுக்கினா அதுல இருந்து தீம், அதான் மையக்கருத்து, எழும்பி வருமாம். அப்படித்தான் வகுப்புல சொன்னாங்க, ரெண்டு நாளு வகுப்பு, கலர் கலரா ஒட்டுற தாள் வேற குடுத்தாங்க. வீட்டுச் செவரு பூரா ஒட்டிட்டு நானும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். அரைச்சு வச்ச மாவாவது விடிஞ்சா பொங்கிரும், இந்தத் தீம் நாலு மாசமா அப்படியே கெடந்துச்சு.

அதுலயும் எழுதுற வேலை இருக்கே! ஒரு மணி நேரப் பேச்ச எழுத ஏழு மணி நேரம் ஆகும். நிறுத்தி நிறுத்திக் கேக்கணும். நம்ம குரல நாமளே கேட்டா எப்படி இருக்கும் தெரியுமா? தகர டப்பாவ உருட்டின மாதிரி இருந்துச்சு எனக்கு. எழுதி முடிச்சுக் கொண்டு போனா, சார் ஒரு செவப்புப் பென்சில எடுத்து நான் பேசின வரியை எல்லாம் கோடு போட்டுக்கிட்டே வந்தாரு. நெசக் கோடு. பக்கம் பூரா செவப்பு. “பேட்டி யாரம்மா குடுத்தது?”ன்னாரு. அவரு என்னத்தக் கண்டாரு, நாம வெளக்கமா கேட்டாத்தான அவங்களுக்குப் புரியும்? மத்தபடி நான் ரொம்பப் பேசுற ஆளு கெடையாது, நீங்களே பாக்கீங்கல்லா. நீங்க என்னமும் சொல்ல வந்தீங்களா? ஒரு நிமிசம் இருங்க, இத முடிச்சிக்கிடுதேன்.

கடை முதலாளிய எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். நல்லா ஒத்துழைச்சாரு, கடைக்குள்ள ஆராய்ச்சி பண்ணிக்கிடலாம்னு லெட்டர் குடுத்தாரு. அந்த லெட்டர் இல்லேன்னா யுனிவர்சிட்டியில ஒரு பேட்டிகூட செல்லாது. ரெண்டாவது மாடியில ஒரு ஏசி ரூம், மேசை, எனக்கு ஒரு சுழல் நாற்காலி, எதுத்தாப்ல இன்னொரு நாற்காலி. ஒவ்வொருத்தியா வந்தாங்க. பதினாலு பேரும் பேசினாங்க. சந்தோசமாத்தான் பேசினாங்க, நான் கேட்டதுக்கெல்லாம் பதில் வந்துச்சு.

கம்ப்யூட்டர்ல ஒரு வசதி இருக்கு, ஒரு சொல்லத் தேடுன்னு சொன்னா எங்கெங்க இருக்கோ அத்தனையும் அள்ளிக் கொண்டாந்து போடும். நான் பாத்தேன், எல்லா பேட்டியிலயும் ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வருது. பரவால்ல. பரவால்ல மேடம். எண்ணினா அறுபத்துமூணு! எனக்குச் சந்தோசம் தாங்கல. பரவால்லன்னா என்ன? ரொம்பப் பிரமாதமும் இல்ல, மோசமும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. திருப்தின்னு பேரு வச்சேன். ஒரே அமுக்கு, அறுபத்துமூணும் திருப்தியில போயி விழுந்துச்சு. தீம் எழும்பியாச்சு! அழகா ஒரு வட்டப்படம் போட்டேன், பச்சைக் கலர்ல முக்காவாசி வட்டமும் திருப்தி. அண்ணாச்சிக்கு ஒரு நகல் குடுத்தேன், லெட்டர் குடுத்த மனுசனுக்கு ஒரு மரியாதை. அவரு அதப் பெருசா அச்சடிச்சு, கண்ணாடிச் சட்டம் போட்டு, வேலை பாக்கிற பிள்ளைங்க உள்ள வார வாசல்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு.

பாவூர்சத்திரம் வந்தாச்சா? இவ்வளவு சீக்கிரமா?

ஆவுடையப்பன் சார்ட்ட படத்தக் காட்டினேன். பாராட்டுவாருன்னு பாத்தா, “ஒரு பேட்டியப் போடுங்கம்மா, கேப்போம்”னாரு. போட்டேன். முதல்ல என் தகர டப்பா: “வாங்கம்மா, உக்காருங்க.” அடுத்து அந்தப் பிள்ளை: “பரவால்ல மேடம்.” சார் நிறுத்தச் சொன்னாரு. “இது என்ன?” “திருப்தி சார்.” “உக்காருங்கன்னு நீங்க சொன்னீங்க. பரவால்லன்னு அவங்க சொன்னாங்க. உக்காந்தாங்களா?”

யோசிச்சுப் பாக்கேன். உக்காரல. அடுத்தவ? அவளும் உக்காரல. பதினாலு பேரும் நாப்பது நிமிசம் நாப்பது நிமிசமா நின்னுக்கிட்டே பேசியிருக்காங்க. நான் சுழல் நாற்காலியில சுழண்டுக்கிட்டு, உங்க வேலை எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எதுத்தாப்ல இருந்த நாற்காலியில யாரு இருந்தா தெரியுமா? என் ஹேண்ட்பேக்.

சிரிக்காதீங்கக்கா. சரி, சிரிங்க. நானும் இப்பச் சிரிக்கேன். அன்னைக்கு எனக்கு முகத்த எங்க வைக்கன்னு தெரியல.

ஒரு வாரம் லீவு போட்டு மறுபடியும் எல்லாத்தையும் கேட்டேன். உக்காருங்கன்னதுக்குச் சொன்ன பரவால்ல பத்தொம்பது. ஏன்னா சில பேர்ட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்கேன், அந்த மட்டுக்கு எனக்கும் மரியாதை இருந்திருக்கு. டீ சாப்பிடுதீங்களான்னதுக்குப் பதினாலு. நேரமாயிட்டே, கோச்சுக்கிடாதீங்கன்னதுக்குப் பதினாறு. மிச்சம் பதினாலு. அந்தப் பதினாலும் எங்க வருதுன்னா, கால் வலிக்காதாம்மான்னு நான் கேட்ட எடத்துல. “பரவால்ல மேடம், பழகிட்டு.” அவ்வளவுதான். திருப்தின்னு ஒண்ணுகூட இல்ல. பதினெட்டு வருசம் புள்ளிவிவரம் நடத்தினவ போட்ட கணக்கு, கழிச்சுக் கழிச்சுக் கடைசியில சைபர்ல வந்து நிக்குது.

பேட்டி குடுத்தவங்கட்டயே போயி நாம எழுதினது சரியான்னு கேக்கணும்னு இந்த முறையில ஒரு சங்கதி இருக்கு. சார் அதப் பண்ணச் சொன்னாரு. சேலைப் பிரிவுல முப்பிடாதின்னு ஒருத்தி, முப்பத்தஞ்சு வயசிருக்கும், வாயாடி. அவ பேர நான் சொல்லக் கூடாது, தீசிஸ்ல அவ ‘பங்கேற்பாளர் ஏழு’. சொல்லிட்டேன், மறந்துருங்க. செவ்வாக்கெழமை அவளுக்கு லீவு, பேட்டையில அவ வீட்டுக்கே போனேன். ஒரு நாற்காலியில உக்காந்து இன்னொரு நாற்காலியில ரெண்டு காலையும் தூக்கிப் போட்டுட்டு முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. என்னப் பாத்ததும் பதறி எந்திரிச்சா. நான் தரையில உக்காந்துட்டேன், அப்புறம்தான் அவளும் உக்காந்தா.

அன்னைக்கு மூணு மணி நேரம் பேசினாக்கா. கடையில வாரவங்க மாதிரி எல்லாம் பேசிக் காட்டினா. நாப்பது சேலையப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, “சும்மா பாக்கத்தான் வந்தோம்”ங்கிற அம்மா மாதிரி ஒரு நடிப்பு, எனக்குச் சிரிச்சு வயிறு வலிச்சிச்சு. அப்புறம் கேட்டேன், அன்னைக்கு ஏன் உக்காரல, நான்தான் சொன்னேனேன்னு. “அந்த ரூம்லயும் கேமரா இருக்கு மேடம். அதுவும் போக, உக்காந்துட்டா எந்திரிக்கையிலதான் வலி தெரியும். நின்னுக்கிட்டே இருந்தா தெரியாது.” கீரைய ஆஞ்சுக்கிட்டே சொன்னா.

அதோட விட்டாளா? “எங்களுக்கு ஸ்டூல் போடணும்னு சட்டமே இருக்காம்லா மேடம். ரெண்டு மாசத்துக்கு முன்ன எல்லாருமாச் சேந்து போயிக் கேட்டோம். மேனேஜர் வாசல்ல இருக்க உங்க படத்தக் காட்டுனாரு. ‘மேடம் ஆராய்ச்சி பண்ணிட்டாங்க, நீங்க எல்லாரும் திருப்தியா இருக்கீங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, அப்புறம் என்ன ஸ்டூலு?’ன்னாரு. நாங்களும் வந்துட்டோம்.” எனக்கு வெக்கமாப் போச்சு, அழுகையும் வந்துட்டு. மன்னிச்சுக்கோம்மான்னு அவ கையப் பிடிச்சேன். அவ சொன்னா, “பரவால்ல மேடம்.” அது எந்தப் பரவால்லன்னு எனக்கு அப்போ தெரிஞ்சிச்சு.

நேராப் போயி அண்ணாச்சிட்ட படத்தக் கழட்டச் சொல்லணும். சொன்னா அவரு கோவப்பட்டு லெட்டர வாபஸ் வாங்கிட்டாருன்னா? பதினாலு பேட்டியும் குப்பை. நீட்டிப்புல எனக்கு மிச்சம் இருந்தது எட்டு மாசம். சார்ட்ட கேட்டேன். அவரு ஒரு வார்த்தை சொன்னாரு: “ஒரு நாளு அவங்ககூட நின்னு பாருங்க.” அதுக்கும் நம்ம முறையில எடம் இருக்காம். அண்ணாச்சிட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு நாளு வேணும்னு கேட்டேன், படம் குடுத்த டீச்சர்லா, உடனே சரின்னுட்டாரு.

ஒரு சனிக்கெழமை காலையில ஒம்பதரைக்குப் போயி நின்னேன். யூனிபாரம் சேலை கட்டி, முப்பிடாதிக்குப் பக்கத்துல. பதினோரு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கு வேற சேலைன்னா இஷ்டமா, வாரவங்கட்ட எல்லாம் இது உங்களுக்கு எடுப்பா இருக்கும், அது வேண்டாம்னு வெளக்கிக்கிட்டு இருந்தேன். மத்தியானம் எங்க காலேஜ் பாட்டனி மேடம் வந்துட்டாங்க. என்னப் பாத்துட்டு, “ஜெபா, வேலைய விட்டுட்டியா?”ன்னு கேக்காங்க. ஆராய்ச்சின்னு சொன்னேன், பாவம்னு ஒரு பார்வை பாத்துட்டு, சேலை எடுக்காமலே போயிட்டாங்க. நாலு மணிக்குக் கெண்டைக்கால் கல்லாயிட்டு. கொஞ்சம் அலமாரியில சாஞ்சேன், சூப்பர்வைசர் தூரத்துல இருந்து கைய ஆட்டுதாரு, சாயக் கூடாதாம். முப்பிடாதிதான், “ஒத்தக் கால கீழ்த் தட்டுல தூக்கி வைங்க மேடம், பத்து நிமிசத்துக்கு ஒருக்க மாத்திக்கோங்க, வெளிய தெரியாது”ன்னு சொல்லிக் குடுத்தா. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு புத்தகத்துலயும் இது இல்ல.

ஏழு மணி இருக்கும், அண்ணாச்சி மேற்பார்வைக்கு வந்தாரு. “டீச்சர், எப்படி இருந்திச்சு நம்ம கடை?”

நெசமாச் சொல்லுதேன்க்கா, நான் காலையில இருந்து என்னென்னமோ யோசிச்சு வச்சிருந்தேன். வாயத் தொறந்தேன். “பரவால்ல அண்ணாச்சி.”

எனக்கே திக்குன்னு ஆயிட்டு. அவரு விடல, ஒரு நாற்காலியக் கொண்டாரச் சொல்லி, “உக்காருங்க டீச்சர்”ங்காரு. என் வாயி என் பேச்சக் கேக்கல. “பரவால்ல அண்ணாச்சி, இருக்கட்டும்.”

முதல்ல முப்பிடாதிதான் சிரிச்சா. அப்புறம் பக்கத்துல இருந்தவ. அப்புறம் சேலைப் பிரிவு பூரா. பெட்ஷீட் பக்கம் நின்னவங்களும் என்னன்னு கேட்டுட்டுச் சிரிக்காங்க. நானும் சிரிக்கேன், கண்ணுல தண்ணி ஊத்துது. அண்ணாச்சிக்கு ஒண்ணும் புரியல. “என்னம்மா, என்ன சிரிப்பு?”ன்னாரு. முப்பிடாதி சொன்னா, “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இப்ப மேடம் சொன்னத எழுதிப் போட்டா, அதுக்குப் பேரு திருப்தி.”

அப்போ நான் எல்லாத்தையும் சொன்னேன். அறுபத்துமூணையும் சொன்னேன். அந்தப் படம் தப்பு, தப்பு என்னோடது, தயவுசெஞ்சு கழட்டுங்கன்னேன். அவரு முகம் சுருங்கிட்டு. “சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சேன் டீச்சர். அப்பவே சொல்லியிருக்கலாம்லா? இனிமே இந்தக் கடையப் பத்தி நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். லெட்டர வாபஸ் வாங்கிக்கிடுதேன்.” நான், “வாங்கிக்கோங்க அண்ணாச்சி”ன்னேன். சொல்லிட்டேன்க்கா! ஆறு வருசம்! காலு ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது. அவரு நான் கோவத்துல நடுங்குதேன்னு நெனச்சிட்டாரு போல, ரெண்டடி பின்னால தள்ளிப் போனாரு. வலியிலதான் நடுங்குச்சு, அத யார்ட்ட சொல்ல?

மூணு வாரம் ஒரு தகவலும் இல்ல. வீட்டுச் செவத்துல ஒட்டியிருந்த தாளெல்லாம் ஒவ்வொண்ணா விழுந்துக்கிட்டு இருந்துச்சு, எடுத்து ஒட்ட மனசில்ல. முப்பிடாதிக்கு வேலை போயிட்டோன்னு வேற பயம், போன் பண்ணிக் கேக்கவும் பயம். என்னால ஒரு பொம்பளை பொழப்பு கெட்டுறக் கூடாதேன்னு தெனமும் ஜெபம்தான். சார்ட்ட சொன்னதுக்கு, “பொறுங்கம்மா”ன்னாரு. அது ஒரு வார்த்தை.

அப்புறம் அண்ணாச்சியே போன்ல கூப்பிட்டாரு. “லெட்டர் அப்படியே இருக்கட்டும் டீச்சர். ஆனா ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதுங்க”ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல, வச்சிட்டாரு.

வெள்ளிக்கெழமை போனேன். ஆலங்குளம் தாண்டியாச்சுல்லா, நான் யுனிவர்சிட்டி ஸ்டாப்ல எறங்கணும், கொஞ்சம் கண்டக்டர்ட்ட சொல்லுங்க. வெள்ளிக்கெழமை போனேன். வாசல்ல பாத்தேன், படம் இல்ல. மாடியேறி சேலைப் பிரிவுக்குள்ள போறேன், முப்பிடாதி இருக்கா. ஒரு நீலக் கலர் ஸ்டூல்ல உக்காந்து சேலை மடிச்சிக்கிட்டு இருக்கா. என்ன நல்லாப் பாத்தா, ஒரு சிரிப்பு சிரிச்சா. நான் போயி அவ முன்னாடி நிக்கேன். உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு, ஒரு நொடி எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பதினெட்டு வருசமா நான் வகுப்புக்குள்ள நொழைஞ்சா அறுபது பேரு எந்திரிக்காங்க. ஒரு டீச்சர் வந்து முன்னால நிக்கேன், இவ என்ன இப்படி இருக்கான்னு மனசு சொல்லிட்டு.

அடுத்த நொடிதான் எனக்கு விளங்குச்சு. சத்தமாச் சிரிச்சிட்டேன், சந்தோசத்துல.

“என்ன மேடம் பாக்கீங்க? சேலை எடுக்கவா?”ன்னு கேட்டா. உக்காந்த மேனிக்கே கேட்டாக்கா. எந்திரிக்கவே இல்ல!